வாசலப் பார்த்த கால்

…இதுக்குப் பேரு ஆராய்ச்சியா தம்பி? நீங்களே சொல்லுங்க. வேணாம், அசையாதீங்க, தோள்பட்டை அளவு தப்பிரும். கையக் கொஞ்சம் தூக்குங்க. ஆங். பெத்த பொண்ணாச்சேன்னு தையல் மிஷின மிதிச்சு மிதிச்சுப் படிக்க வச்சேன். முட்டி ரெண்டும் தேஞ்சு போச்சு. ஏதோ வியாதிக்கு மருந்து கண்டுபிடிப்பா, ராக்கெட் விடுவான்னு பார்த்தா, அவ என்னத்தக் கண்டுபிடிச்சிருக்கா தெரியுமா? ஒருத்தன் பேசிட்டே இருந்தா, கேக்கறவனுக்கு எப்ப எந்திரிச்சு ஓடணும்னு தோணுதுன்னு கண்டுபிடிச்சிருக்கா.

அதுக்குப் பரிசு வேற. இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணிக்கு விழா. சிரிப்பு வர்ற ஆராய்ச்சிக்குன்னே குடுக்கற பரிசாம். இவகூட மேடையேறப் போற கூட்டத்தக் கேளுங்க. ஒருத்தர், லிஃப்ட் பட்டன்ல விளக்கு எரிஞ்ச பிறகும் ஏன் அதையே அமுக்கிட்டு நிக்கறோம்னு வருஷக்கணக்கா உக்காந்து பார்த்திருக்காரு. இன்னொரு அம்மா, உள்ள ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சே ஃபிரிட்ஜத் தொறந்து பார்க்கறவங்களப் பத்தித் தடியா ஒரு புஸ்தகமே போட்டிருக்கு. எங்க வீட்டுக்காரிகிட்ட கேட்டிருந்தா ஒரே வார்த்தையில சொல்லியிருப்பா, வேலையத்தவங்கன்னு.

என்ன சொல்ல வந்தீங்க? சட்டைக் காலரா? அதெல்லாம் நான் பார்த்துக்கறேன். திரும்புங்க, முதுகக் காட்டுங்க.

கேக்கறவனுக்குச் சலிச்சுப் போச்சுன்னா வாய் சொல்லாதாம், கால் சொல்லுமாம். பாதம் தானா வாசல் பக்கம் திரும்பிக்குமாம். என்ன பேத்தல் பாருங்க. இத்தன வருஷமா இந்தக் கடையில அளவெடுக்கறேன், எத்தன காலப் பார்த்திருப்பேன்… உங்க காலக் கொஞ்சம் உள்பக்கமாத் திருப்பி வைங்க தம்பி. இப்படி வாசலப் பார்த்து நின்னா பேண்ட் அளவு கோணிக்கும். ம், இப்ப சரி. அப்புறம், 'சரிங்க'ன்னு ஒருத்தன் சொன்னா ஒத்துக்கிட்டான்னு அர்த்தமில்லையாம். ஆள விடுங்கன்னு அர்த்தமாம்.

இப்ப நீங்களும்தான் சொல்றீங்க, சரிங்கன்னு. ஒத்துக்கிட்டுத்தானே சொல்றீங்க? அதான்.

இதையெல்லாம் எங்க உக்காந்து கண்டுபிடிச்சா? இதே கடையில. லீவுக்கு வந்தப்ப அந்த மூலையில, வெட்டுத்துணி மூட்டை மேல உக்காந்து, வர்றவங்க காலையே பார்த்துட்டு இருந்தா. நானும் அப்பன் தொழில் மேல புள்ளைக்கு ஆசை வந்திருச்சுன்னு பூரிச்சுப் போயிட்டேன். கடைசியில நான்தான் அவளுக்குச் சோதனை எலி. இன்னிக்கு மண்டபமே என்னை வச்சுச் சிரிக்கப் போகுது. அதனாலதான் போகல.

இல்ல, அதுக்காக மட்டுமில்ல, பொய் எதுக்கு. மனசு விட்டுப்போச்சு தம்பி. போன் பண்ணினா. 'அப்பா, விழாவுக்கு…'ன்னு ஆரம்பிச்சா. நான் என் மனசுல உள்ளதச் சொன்னேன். சொல்லி முடிச்சுப் பார்த்தா, போன் எப்பவோ சார்ஜ் இல்லாம செத்துக் கிடக்கு. திரும்பி ஒரு தடவ முறையா வாங்கப்பான்னு கூப்பிட்டாளா? ஆள் அனுப்பினாளா? இருக்கறது ஒரே அப்பன். ஒரு வண்டி அனுப்பியிருந்தா, வாய மூடிட்டுப் போய் முதல் வரிசையில உக்காந்திருக்க மாட்டேனா? அந்தா, புதுச் சட்டை கூட தச்சு மாட்டி வச்சிருக்கேன்.

இடுப்பும் ஆச்சு. துணிய எடுங்க… கொண்டு வரலையா? தைக்கவே வரலையா? பின்ன எதுக்கு இவ்ளோ நேரம் கையத் தூக்கிட்டு நின்னீங்க?

…நான் தூக்கச் சொன்னேன், சரி. வந்த விஷயத்த வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?

…என்ன வண்டி? யாரு, எம் பொண்ணா அனுப்பினா? என்னைக் கூட்டிட்டு வரச் சொல்லியா?

அடப்பாவி மனுஷா. மணி இப்ப அஞ்சரை. நீங்க எப்ப உள்ள வந்தீங்க? நாலுக்கா? ஆறு மணி விழாவுக்கு நாலு மணிக்கே எதுக்கு வண்டி?

…ஓ. 'அப்பா பேசி முடிக்க ஒண்ணரை மணி நேரமாகும். நடுவுல சொன்னா காதுல ஏறாது, அதுவரைக்கும் நில்லுங்க'ன்னு சொல்லி அனுப்பினாளா.

கணக்கு போட்டே அனுப்பியிருக்கா, கழுதை. சின்னதுலேருந்தே கணக்குல கெட்டி அவ.

அந்தச் சட்டைய எடுங்க தம்பி. ஷட்டர இழுக்கணும், ஒரு கை பிடிங்க. அவ கண்டுபிடிச்சதுல இன்னும் பாதி கூட நான் சொல்லல. மண்டபத்துக்குப் போக எவ்ளோ நேரமாகும்?

இருபது நிமிஷம்தானா? பத்தாதே.