ஒரு பானைக் கூழ்

கோப்பாயில் பஸ் ஏறினேன். முன் சீற்றில் இரண்டு பேர். இளையவர் பேப்பர் நிருபர் என்பது அவர்கள் கதைத்ததில் தெரிந்தது.

“அவரோடை கூழ் குடிச்சிட்டன் அண்ணை. இனி எப்பிடி எழுதுறது?”

“ஆரோடை?”

“தண்ணி சோதிக்கிற அரசாங்கக் கந்தோர்ப் பெரியவரோடை. பேப்பர்காரரும் அதிகாரிமாரும் சும்மா இருந்து கதைப்பம் எண்டு கந்தோராலை கூப்பிட்டவை. ஒரு பானையைச் சுத்தி இருந்தம். அவர்தான் எனக்குக் கூழ் வாத்தவர்.”

“இறால் கிடந்ததோ?”

“கிடந்தது. அப்பதான் சொன்னார், தாங்கள் சோதிச்ச அந்த ஊர்க் கிணத்துத் தண்ணி குடிக்கக்கூடாதாம். தம்பி, எழுதிப்போடாதையும் எண்டார்.”

“உம்மடை தங்கச்சி அங்கைதானே?”

“ஓம். அவளுக்குச் சொல்லிப்போட்டன். இப்ப போத்தில் தண்ணிதான்.”

“அயல் வீடுகளுக்கு?”

“ஆர் சொன்னதெண்டு கேப்பினமே, அண்ணை.”