அக்காவுக்கு என்ன கூலி

இல்லைங்க, மேல வைக்க வேணாம், மடியிலயே இருக்கட்டும். சேலைதான். உடையார்பாளையத்து அக்காவுக்கு. நீங்க செயங்கொண்டமா? அப்ப நான் முன்னாடியே எறங்கிருவேன்.

திருச்சியில எம்.பில். முடிச்சேங்க, கணக்குப் பதிவியல்ல. சிரிங்க, சிரிங்க. கணக்குல என்னடா ஆராய்ச்சின்னு எங்க மாமாவும் இப்படித்தான் சிரிப்பாரு. முந்திரிக் கொல்லைக்காரங்க வரவு செலவு எப்படிப் பாக்குறாங்கன்னு ஊரு ஊராப் போயி விசாரிச்சேன். வெளியாளு கூலிய எல்லாரும் செலவுல சேக்குறாங்க. வூட்டாளு ஒழைப்ப மட்டும் சேக்கமாட்டேங்குறாங்க. கைடுகிட்ட பெருமையா நீட்டினேன். இது வெறும் தகவல்யா, ஏன் சேக்கலன்னு சொல்ற தியரி எங்கன்னாரு. தியரின்னா... பாத்ததுக்கெல்லாம் அடியில இருக்குற காரணம்னு வச்சுக்கங்களேன். அவங்களுக்குக் கணக்கு தெரியாது சார்னேன். போயி அவங்களையே கேளுன்னு தொரத்திவுட்டாரு.

யாரக் கேக்குறது? வேம்பு அக்காவத்தான் கேட்டேன். அம்மா போனப்பறம் என்னையத் தன் வூட்டுக்கே கூட்டிப் போயி வளத்துச்சுங்க. முந்திரிக்கொட்டை ஒடைச்சு ஒடைச்சு, தோட்டுல கசியுற எண்ணெய் பட்டு வெரலெல்லாம் உரிஞ்சு கெடக்கும். அந்தக் கையாலதான் எனக்குச் சோறு போட்டுச்சு, படிக்க வச்சுச்சு. தைப்பொங்கலுக்குப் போனப்ப பக்கத்துல ஒக்காந்து, அக்கா, ஒனக்கு ஒரு நாளைக்கு என்ன கூலி போடலாம்னு கேட்டேன்.

எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருச்சு. நான் கெளம்புறப்பதான் வாயத் தொறந்துச்சு. கூலி போட்டு என்னைய வெளியாளாக்கிட்டியா தம்பின்னுச்சு.

அதாங்க தியரி. திரும்பிப் போற பஸ்சுலயே புரிஞ்சுபோச்சு. தெரியாம ஒண்ணும் வுடல. கூலி போட்டா ஒறவு அத்துப்போகும்னு போடாம இருக்காங்க. எழுதிக் குடுத்தேன், கைடு கையப் புடிச்சுக் குலுக்கினாரு. அக்காகிட்டதான் சொல்லல. லெட்டர்ல சொன்னா நல்லா இருக்காது, நேர்ல போவோம், ஒன்னாலதான்க்கா பாஸானேன்னு சொன்னா மனசு ஆறிரும்னு இருந்தேன். மாசம் மாசமாத் தள்ளிப்போச்சு.

என்ன விசேஷம்னு கேட்டீங்கல்ல. விசேஷம் இல்லைங்க. விடியக்காலம் தந்தி வந்துச்சு. பொறந்த வூட்டுக் கோடிச் சேலைய நான் போயிப் போத்தினாதான் அக்காவ எடுப்பாங்க. கடை தொறக்குற வரைக்கும் வாசல்லயே நின்னு வாங்கினேன். பில்லு போடட்டுமான்னு கடைக்காரரு கேட்டாரு. வேணாம்னுட்டேன்.