பூங்காவனத்துக்குக் கல்யாணம்

ரொம்பக் காலத்துக்கு முந்தி, நம்ம நெய்வாசல்பேட்டை முனிசிபாலிட்டி ஆன புதுசு. பேருதான் முனிசிபாலிட்டி. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால இப்ப மரமும் பெஞ்சுமா நிக்குதே, அந்த எடத்துல சாக்கடைக் குட்டை ஒண்ணு கெடந்துச்சாம். ஊர்க் கழிசல் பூரா அதுலதான். மழை பேஞ்சா அது பொங்கித் தெருக் கெணத்துல எறங்கும். யாருய்யா கேக்குறது?

குட்டைக்கு எதுத்தாப்ல இட்லிக்கடை வச்சிருந்தவ அஞ்சம்மா. புருசன் இல்ல. ஒரே மக, பேரு பூங்காவனம். அந்தப் புள்ள கல்யாணத்தை நெனச்சே ஊர்ல ஒரு விசேசம் விடாம மொய் செஞ்சாளாம். காதுகுத்தா, அஞ்சம்மா மொய். கல்யாணமா, அஞ்சம்மா மொய். எல்லாம் மக கல்யாணத்துல திரும்பி வரும். நம்ம பக்கத்து வழக்கம் அதுதானே.

பரிசம் போட்டாச்சு. தையில கல்யாணம்னு தேதி குறிச்சாச்சு. ஐப்பசி மழைக்கு வாந்திபேதி வந்துச்சாம். காலையில கோலம் போட்ட புள்ள, பொழுது சாயறதுக்குள்ள போயிட்டா. என்னத்தச் சொல்ல? பெத்த வயித்துல தீய அள்ளிக் கொட்டுன மாதிரி ஆயிப்போச்சு.

பொண்ணும் போச்சு, திருப்ப வேண்டிய மொய்யும் போச்சுன்னு சில பேரு மனசுக்குள்ள நிம்மதி மூச்சு விட்டாங்களாம். மனுசப் புத்தி அப்படி.

காரியம் முடிஞ்ச கையோட அஞ்சம்மா சேர்மன் வைத்திலிங்கம் முன்னால போயி நின்னாளாம்.

"ஐயா, அந்தக் குட்டைய மூடுங்க. நல்ல சாக்கடை கட்டுங்க. மேல நாலு மரம் வைங்க. இன்னொரு புள்ள சாகக் கூடாது."

"கஜானா காலி ஆத்தா. ஊரு பாதி போட்டா சர்க்காரு பாதி போடும். வரின்னு போனாலே கதவச் சாத்துற ஊரு, இதுக்கா குடுக்கும்?"

"வரின்னு கேட்டாத்தான சாத்துவாங்க. நான் பாக்கு வச்சுக் கேக்குறேன்"னாளாம்.

வெத்தலபாக்குத் தட்டோட வீடு வீடா ஏறுனா. "குறிச்ச தேதியில எம்மக பூங்காவனத்துக்குக் கல்யாணம். குட்டைக் கரையில. குடும்பத்தோட வந்துருங்க."

சனங்க அரண்டு போச்சு. "பாவம், புத்தி பெரண்டுருச்சு"ன்னாங்க. ஆனா பாக்கு வச்சு அழைச்ச வீட்டுக்குப் போகாம இருக்க முடியுமா?

போனாங்க. பந்தல் இருக்கு, வாழைமரம் இருக்கு, இலை போட்டுச் சோறு இருக்கு. மணமேடையில பொண்ணும் இல்ல, மாப்பிள்ளையும் இல்ல. மஞ்சத்துணி சுத்துன வேப்பங்கன்னு ஒண்ணு நிக்குது. பக்கத்துல அஞ்சம்மா. கண்ணுல பொட்டுத் தண்ணி இல்லையாம்.

"எம்மகளை இந்த எடத்துக்கே கட்டிக் குடுக்குறேன். மொய் எழுதுங்க."

ஒவ்வொருத்தரா வந்து, வாங்குனதுக்கு மேலயே வச்சாங்களாம். சேர்மனே மொய் எழுத உக்காந்தாரு. எழுத எழுத அழுதாராம் மனுசன்.

குட்டைய மூடுனாங்க. சாக்கடை வந்துச்சு. மரம், பெஞ்சு, நல்ல தண்ணிக் குழாய் எல்லாம் வந்துச்சு. பார்க்குன்னு யாரும் சொல்லல, பூங்காவனம்னே சொன்னாங்க. ஊரே உள்ள போயி உக்காருது. அஞ்சம்மா மட்டும் வாசல்லயே நின்னு பாத்துட்டுப் போவாளாம். வருசக்கணக்கா அப்படித்தான்.

ஒரு கோடையில வாசல்லயே மயங்கி விழுந்தா. தோட்டக்காரன் உள்ள ஓடிப்போயி சொம்புல குழாத்தண்ணி பிடிச்சாந்தான்.

"குடி ஆத்தா!"

கைய வச்சு மறிச்சாளாம்.

"வேணாம்ப்பா. கட்டிக் குடுத்த எடம். பேரன் பேத்தி பொறக்காம மக வீட்டுல பெத்தவ கை நனைக்கலாமா?"

அவன் அவளைத் தூக்கி மதில் நெழல்ல உக்கார வச்சுட்டு, நேரா முனிசிபாலிட்டி ஆபீசுக்குப் போனானாம்.

சேதி சேர்மன் காதுக்குப் போச்சு. மதிலுக்கு வெளிய, தெருவுல, அவளுக்குன்னே ஒரு குழாய் போடச் சொன்னாரு. நம்ம முனிசிபாலிட்டி வேலை என்னிக்கு வெரசா நடந்துச்சு? அதுல தண்ணி வந்தப்ப அஞ்சம்மா உசுரோட இல்ல.

உள்ள ஒரு குழாய் இருக்க, வெளிய எதுக்கு இன்னொண்ணுன்னு வெளியூர்க்காரன் கேப்பான். அதுதாம்ப்பா தாய்க்குழாய். இன்னிக்கும் நம்ம ஊர்ல மகளைக் கட்டிக் குடுத்தவ, வண்டி கண்ணுக்கு மறைஞ்சதும் நேரா அங்கதான் வருவா. அஞ்சம்மா பேரைச் சொல்லி ஒரு கை தண்ணி குடிப்பா. அதுவரைக்கும் அடக்கி வச்சிருந்த அழுகையை, குடிச்சதுக்கு அப்புறந்தான் அழுவா.