கேட்டுக்கு அந்தப் பக்கம்

ஞாயித்துக்கிழமை. சாயங்காலம் அஞ்சு இருபது. ஜப்பான்ல ஒசாகா ஊரு, உமேதா ஸ்டேஷனுக்கு அடியில ஓடுற நீளப் பாதை... கூட்டம் நெரியற எடத்துல என்னடா பயம்னு சிரிக்காதீங்க. ஆயிரம் பேர் நடக்கற எடத்துல உங்க புள்ளைய மட்டும் காணோம்னு வைங்க. அதைவிட ஆளில்லாத பாதை கிடையாது.

இது என் ஆபீஸ் சிநேகிதி ஹிசாயோவோட அண்ணனுக்கு நடந்தது. பேர் முனேயுகி. தொத்தோரிங்கற ஊர்க்காரர். பொண்டாட்டி சனாயே, ஆறு வயசுப் பொண்ணு மியோ, மூணு பேரும் ரெண்டு நாள் ஊர் சுத்திப் பாக்க வந்தாங்க. வந்த எடத்துல சனாயேவுக்குக் காய்ச்சல். அவ ஓட்டல்லயே படுத்துட்டா. மியோ ராட்டினம் ஏறணும்னு ஒரே அழுகை. சரின்னு அப்பாவும் பொண்ணும் மட்டும் கிளம்பினாங்க.

ராட்டினம் ஏறியாச்சு. சுடச்சுட தகோயாகி உருண்டை தின்னாச்சு. திரும்பி வர்றாங்க. வெளிய மழை. பாதை முழுக்க ஈரக் குடை வாசனை.

ஸ்டேஷன் டிக்கெட் கேட். மியோ முன்னாடி போனா. சின்னப் பசங்க டிக்கெட் கார்டு வெச்சா கேட்டு கோழிக்குஞ்சு மாதிரி கத்துமே... "பியோ பியோ". அவ சிரிச்சுக்கிட்டே அந்தப் பக்கம் போயிட்டா. இவர் கார்டு வெச்சார். டங்குனு கதவு மூடிக்கிச்சு. மறுபடி வெச்சார். மறுபடி டங்கு.

"மியோ, அந்தத் தூண்கிட்டயே நில்லு. அப்பா வந்துடறேன்."

"சரிப்பா."

பக்கத்துல இருந்த ஸ்டேஷன் ஆள்கிட்ட கார்டைக் குடுத்து சரி பண்ணி வாங்க ரெண்டு நிமிஷம். திரும்பினா... தூண் இருக்கு. புள்ள இல்ல.

மொதல்ல பேர் சொல்லிக் கூப்பிட்டார். அப்புறம் கத்தினார். கேட் ஆள்கிட்டயும் சொன்னார். யாரும் நிக்கல. ஒதுங்கி வழி விட்டாங்க, அவ்வளவுதான். பிளாட்ஃபாரம், கழிப்பறை, படிக்கட்டு... எங்கயோ "பியோ பியோ". ஓடினார். வேற யாரோ பையன். மறுபடி "பியோ பியோ". ஓடினார். கேட் தொறந்து கிடக்கு... பக்கத்துல ஒருத்தரும் இல்ல.

குரல் போயிடுச்சு. ரயில் வர்ற காத்து மூஞ்சில அடிக்கறப்பல்லாம் தண்டவாளத்தைக் குனிஞ்சு பாக்கத் தைரியம் வரல. ஆனாலும் பாத்தார். ஒவ்வொரு தடவையும் பாத்தார்.

அந்த நேரம் பாத்து சனாயே போன்.

"என்னங்க, மியோ சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா."

வெச்சுட்டு, சுவத்துல தலைய முட்டிக்கிட்டு அழுதார்.

ஏழு மணிக்கு ஒலிபெருக்கி கூப்பிட்டுச்சு. மியோங்கற குழந்தை ஸ்டேஷன் அறையில இருக்காளாம். விழுந்தடிச்சு ஓடினார். நாற்காலியில உக்காந்து காலை ஆட்டிக்கிட்டு பார்லி டீ குடிக்கிறா. முட்டி போட்டு ரெண்டு கையையும் நீட்டினார்.

மியோ டக்குனு அங்கிருந்த ஊழியர் அம்மாவுக்குப் பின்னாடி போய் ஒளிஞ்சா.

"இவர் இல்ல."

"மியோ... நான்தான்டா அப்பா, கண்ணு."

"எங்கப்பா ஜூஸ் வாங்கப் போயிருக்கார். தன்னை மாதிரியே ஒருத்தர் வருவார், அவர்கூட மட்டும் போயிடாதேன்னு சொன்னார்."

அந்த ஊழியர் அம்மா மெதுவா கேட்டாங்க. "சார்... இப்பதானே நீங்களே கொண்டுவந்து உக்கார வெச்சுட்டுப் போனீங்க?"

லைசென்ஸை எடுத்து நீட்டினார். குழந்தையை விட்டுட்டுப் போனவர் எழுதின பதிவு நோட்டை அவங்க திருப்பிக் காட்டினாங்க. அதே பேர். அதே லைசென்ஸ் நம்பர். இவரோட அதே சாய்ஞ்ச கையெழுத்து... மை இன்னும் காயல.

அரை மணி நேரம் காத்திருந்தாங்க. ஜூஸோட யாரும் வரல. சனாயே போன்ல, "அப்பாகூட வந்துடும்மா"ன்னு கெஞ்சினதுக்கு அப்புறம்தான் மியோ எந்திரிச்சா. கையை மட்டும் குடுக்கல. ரெண்டு கையையும் பாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டே நடந்தா.

குழந்தை பயந்து போய் உளர்றான்னு சனாயே நெனச்சுக்கிட்டா. அன்னைக்கு ராத்திரி விளக்கை அணைச்சுப் படுத்தாங்க. முனேயுகிக்குக் கண்ணு சொருகுற நேரம்... காதுகிட்ட சூடா மூச்சு. மியோ குரல். ரொம்ப மரியாதையா.

"எங்கப்பாவ என்ன பண்ணீங்க?"

மறுநாள் காலைல ஊருக்கு ரயில். வண்டி நகந்துச்சு. திடீர்னு மியோ ஜன்னல் கண்ணாடியில மூஞ்சியை ஒட்டி வெச்சு, ரெண்டு கையாலயும் அடிச்சா. "அப்பா! அப்பா!" பிளாட்ஃபாரத்தைப் பாத்து... தொண்டை கிழியக் கத்தறா. பக்கத்து சீட்ல இருக்கார் முனேயுகி. அவர் குனிஞ்ச தலை நிமிரல.

சனாயே திரும்பிப் பிளாட்ஃபாரத்தைப் பாத்தா.

என்ன பாத்தான்னு இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல. ஹிசாயோ எத்தனையோ தடவை கேட்டுப் பாத்துட்டா. அன்னைக்கு வண்டியில சனாயே அப்படியே எந்திரிச்சு, புள்ளைய வாரித் தூக்கிக்கிட்டு, புருஷனைத் தொடாம ஒதுங்கி நடந்து, வேற பெட்டிக்குப் போயிட்டா.