லாகோஸ் தொண்டையும் கிகாலி வேலியும்

இந்தத் தெருவிழாவுக்குத் தலைமை தாங்கி, ஒரே தலையசைப்பில் ஊரையே அடக்கி அமர்ந்திருக்கும் எங்கள் குடியிருப்புத் தலைவி முகருசீனே அம்மையார் அவர்களே! முன்வரிசையை முழுவதுமாகப் பிடித்துக்கொண்ட மூத்தோர்களே! முதுகில் மழலையைக் கட்டியபடி நின்று கேட்கும் அன்னையரே! பொரித்த வாழைப்பழத்தின் மணம் வந்ததும் பாதிப் பேச்சில் எழுந்து ஓடப்போகும் என் நைஜீரிய உறவுகளே! உங்கள் அனைவருக்கும் இந்த இபிரோன்கேயின் இனிய வணக்கம்.

பிறந்த நாடு, புகுந்த நாடு இரண்டையும் பற்றிப் பத்து நிமிடம் பேசச் சொன்னார்கள். பத்து நிமிடமா? நான் பிறந்த லாகோஸில் அதற்குள் பேருந்தில் உட்கார இடம்கூடப் பிடித்திருக்க மாட்டேன்!

லாகோஸ்! அங்கே சேவலுக்கு முன்னால் ஜெனரேட்டர் கூவும். ஜெனரேட்டருக்கு முன்னால் என் அம்மா கூவுவார். இங்கே கிகாலியிலோ? காற்றுகூடக் காலைத் துடைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறது!

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் கணவர் அகின்லாபிக்கு இங்கே வேலை கிடைத்தது. நான் வந்தேன், என்னோடு இடுப்புயரப் பாட்டுப்பெட்டியும் வந்தது. துணி துவைக்கும்போதெல்லாம் அதைப் பாடவிடுவேன். ஒருநாள் அடுத்த வீட்டுக் கயிடாரே ஐயா, அதோ, மனைவிக்குப் பின்னால் ஒளிகிறாரே, அவரேதான், வேலியோரம் வந்தார்.

"உங்க பாட்டு எங்க வீட்டுக்கும் நல்லாக் கேக்குதும்மா."

"அப்படியாய்யா? ரொம்ப சந்தோஷம்!"

சந்தோஷத்தில் சத்தத்தைக் கூட்டினேன். மறுவாரமும் வந்தார்.

"கொட்டில்ல மாட்டுக்கும் கேக்குதும்மா."

மாடும் ரசிக்கிறதே என்று மேலும் கூட்டினேன்! மூன்றாம் முறையும் வந்தார்.

"மலைக்கு அந்தப் பக்கம் என் தம்பி இருக்கான்மா. போன் போட்டு, என்ன பாட்டுன்னு விசாரிச்சான்."

சிரிக்காதீர்கள்! அந்தத் தம்பிக்குப் பாட்டின் பெயரை எழுதியே கொடுத்தேன்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்தது. தெருவைக் கூட்டி, சாக்கடையைத் தூர்வாரி, வழக்கம்போல் கூட்டம் போட்டோம். தலைவி அம்மையார் எழுந்தார்.

"நம்ம தெருவுல ஒரு சகோதரி எல்லாருக்குமாப் பாட்டுப் போடுறாங்க. பாவம், அந்தப் பெட்டிக்கும் ஓய்வு வேணும்னு சிலபேர் நினைக்கிறாங்க."

நான் துள்ளி எழுந்தேன். "கவலையே படாதீங்க! அடுத்த மாசம் இதைவிடப் பெரிய பெட்டி வருது!"

கயிடாரே ஐயாவின் மனைவி முக்கந்தோலி அம்மா துணியை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தார். தெருவே சிரித்தது. அப்போதுதான் இந்த மண்டைக்கு உறைத்தது. கையில் மண்வெட்டி இருந்தது. அங்கேயே குழி தோண்டி இறங்கியிருப்பேன்!

அன்றோடு பெட்டிக்கு மூடி, தொண்டைக்குப் பூட்டு. ஓராண்டு மென்மையாகப் பேசிப் பழகிவிட்டு, என் தம்பி கல்யாணத்துக்கு லாகோஸ் போனேன். பேருந்தில் "இறங்கணும்" என்றேன். மூன்று நிறுத்தம் தாண்டிப் போனது. சந்தையில் தக்காளி விலை கேட்டேன்.

"என்னக்கா, ஜெபம் பண்றியா? வாயத் தொறந்து கேளு!" என்றாள் கடைக்காரி.

வீட்டில் அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "யாருடி உன்னை அங்க அடிச்சா? சொல்லு, இப்பவே கெளம்புறேன்!"

அங்கே நான் ஊமை. இங்கே நான் இடி. அப்படியென்றால் நான் எந்த ஊர்க்காரி? யாருக்குச் சொந்தக்காரி? அன்று அழுதேன், தாய்மார்களே. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அழுதேன்.

திரும்பி வந்த மறுநாள் நேரே கயிடாரே ஐயாவிடம் போனேன்.

"ஏன்யா, மூஞ்சிக்கு நேரா ரெண்டு திட்டுத் திட்டியிருக்கலாமே? நானும் திட்டியிருப்பேன். சாயங்காலம் சோறு குடுத்து அனுப்பியிருப்பேன். அத்தோட முடிஞ்சிருக்குமே!"

அவர் வேலியைத் தொட்டுக் காட்டினார்.

"ஒரு காலத்துல இந்த வேலிக்கு மேல கத்தல் கேட்டுச்சும்மா. கத்தினவங்களும் அக்கம்பக்கம்தான். அதுக்கப்புறம் யாராவது குரலை ஒசத்தினா, எங்களுக்கு அந்த நாள்தான் ஞாபகம் வருது."

அவையோரே, அண்டை வீட்டாரே அண்டை வீட்டாரைக் கொன்ற அந்தக் காலத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சத்தமில்லாத ஊரில் பாசமில்லை என்று நினைத்தேனே! எத்தனை பாடுபட்டு, எத்தனை பேரைப் பறிகொடுத்து, இந்த அமைதியைக் கட்டியிருக்கிறீர்கள்!

பிறகு கயிடாரே ஐயாவே கேட்டார். "உங்க ஊர்ல சண்டை போட்டுட்டு, மறுநாள் எப்படிம்மா பேசிக்குவீங்க?"

"பழக்கம்தான்யா. வேணும்னா பழகிப் பாருங்க. எம்மேல ஒரு குறை சொல்லுங்க, சத்தமா."

"உங்க சமையல்... நல்ல வாசனைம்மா."

"அது குறையாய்யா?"

"கொஞ்சம்... மிளகாய்..."

"கேக்கல!"

"உங்க மிளகாப் புகையில மூச்சு முட்டுதும்மா! ஒரு வருஷமாத் தும்முறேன்! மாடும் தும்முது!"

கொட்டில் அதிர்ந்தது. முக்கந்தோலி அம்மா பதறி ஓடிவந்தார். ஐயா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தம் குரலைத் தாமே கேட்டுச் சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார். நடந்ததை விசாரித்தறிந்த முக்கந்தோலி அம்மா என் கையைப் பிடித்து, அருமையான மெல்லிய குரலில் சொன்னார்:

"எனக்கும் கத்துக் குடும்மா. உன்னோட சண்டை ஒண்ணுமில்ல. இவரோட இருவது வருஷச் சண்டை பாக்கி இருக்கு."

பயமில்லாமல் கோபித்துக்கொள்ள ஓர் அண்டை வீடு அமைந்தால், அதுவே என் நாடு! அதை எனக்குத் தந்த இந்தத் தெருவுக்கு, தலைவிக்கு, பொறுத்துக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்!