பச்சைக் கட்டம்

இரண்டு கைகளையும் கோத்து அத்தானின் நெஞ்சை அமுக்கிக்கொண்டிருந்தபோது எனக்கு முதலில் தோன்றியது, மனிதர் எவ்வளவு அழகாக இளைத்துவிட்டார் என்பதுதான். போன வருடமென்றால் அந்த இடத்தில் விலா எலும்பைத் தேடவே தனியாக ஒரு ஆள் போட வேண்டியிருந்திருக்கும்.

சுற்றிலும் என் ஜிம்மே திரண்டு நின்றது. வரவேற்பு மேஜைப் பெண் சுவரிலிருந்த பெரிய திரையைப் பார்த்துக் கூவினாள். "ஏறுது மாஸ்டர், பல்ஸ் ஏறுது! விடாதீங்க!" எல்லோரும் கைதட்டினார்கள். வாடிக்கையாக வரும் பல் டாக்டர் விசிலே அடித்துவிட்டார். அவ்வளவு உற்சாகத்தை நான் அந்த ஹாலில் பார்த்ததில்லை, இன்ஸ்பெக்டர் மேடம்.

நீங்கள் கேட்டது நினைவிருக்கிறது. அத்தான் நெஞ்சில் கட்டியிருந்த பட்டையில் பேட்டரியே செத்துக் கிடந்ததே, திரையில் அவர் கட்டத்தில் எண் எப்படி ஓடியது? வருகிறேன். அவசரப்பட்டால் மூச்சு வாங்கும்.

அத்தான், என் அக்காவின் வீட்டுக்காரர், லிப்ட் மெக்கானிக். ஊரில் யாரையும் படியேற விடாதவர், தானும் ஏறாதவர். "ஓவர்லோட் பெல் அடிக்குது மாப்ள, யாருடா அதுன்னு பார்த்தா உள்ள நான் மட்டும்தான் நிக்கிறேன்" என்று தன்னையே கிண்டலடித்துக்கொள்வார். ஒருநாள் லிப்டுக்கு அடியிலுள்ள குழியில் இறங்கியவரால் ஏறி வர முடியவில்லை. கயிறு கட்டித்தான் எடுத்தார்கள். உடம்பைக் குறை, இல்லாவிட்டால் ஸ்டோர் ரூமில் உட்கார் என்றது கம்பெனி. அதே வாரம் லேசாக நெஞ்சுவலி. நடக்கலாம், ஓடக் கூடாது, துடிப்பு எல்லை தாண்டினால் உடனே நிறுத்த வேண்டும் என்று டாக்டர் எச்சரித்து அனுப்பினார்.

அதற்காகத்தான் அக்கா நெஞ்சுப் பட்டை வாங்கி வந்தாள். பட்டையின் நடுவே சட்டைப் பொத்தான் மாதிரி ஒரு வில்லை மாட்டியிருக்கும். அது துடிப்பை எண்ணித் திரைக்கு அனுப்பும். அளவோடு இருந்தால் திரையில் அவரவர் கட்டம் பச்சை. தாண்டினால் சிவப்பு, கூடவே மணி.

"பச்சையிலயே இருக்கட்டும்டா. செவப்பு வந்தா இறக்கி உட்கார வச்சிடு. உன்னை நம்பித்தான் அனுப்புறேன்" என்றாள்.

"செவப்பே வராதுக்கா" என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

என் தொழிலில் நான் கண்டது ஒன்றுதான். உடம்பு களைப்பதற்கு வெகு முன்பே மனசு களைத்து உட்கார்ந்துவிடும். ஓடும் இயந்திரத்தின் எண்களைத் துண்டு போட்டு மூடிவிடுங்கள், "இன்னும் பாதிகூட ஆகல" என்று கூசாமல் சொல்லுங்கள், கால் பாட்டுக்கு ஓடும். பல் டாக்டரின் தொப்பையைக் கரைத்தது அந்தத் துண்டுதான்.

அத்தானிடம் மட்டும் இது பலிக்கவில்லை. மணி அடித்ததோ இல்லையோ, பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி இறங்கிவிடுவார். "பெல் அடிச்சாச்சு மாப்ள, எல்லாரும் இறங்குங்க!" எடை இம்மியும் அசையவில்லை. இளைத்தவர்களின் படங்களை ஒட்டும் வாசல் கண்ணாடியில் அவர் படத்துக்காக நான் ஒதுக்கியிருந்த இடம் காலியாகவே கிடந்தது.

யோசனை கொடுத்ததும் அவர்தான். "சில பில்டிங்ல பெல் தொல்லைன்னு ஒயரையே கழட்டி விட்டுடுறாங்க மாப்ள. லிப்ட் ஜோராத்தான் போகும். ஆனா..." என்று ஏதோ சொல்லிக்கொண்டே போனார். நான் அதற்குள் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மறுநாளிலிருந்து பச்சைதான்.

"என்ன மாப்ள, நெஞ்சு வெடிச்சிரும்போல இருக்கு, அங்க பச்சை காட்டுது?"

"பயப்படுறது உங்க மனசு அத்தான், நெஞ்சு இல்ல. திரையைப் பாருங்க."

பார்த்தார். ஓடினார். கரைந்தார், மேடம். குழியில் இறங்கித் தானாகவே ஏறி வந்த அன்றைக்கு எனக்குப் போன் போட்டுச் சிரித்தார். அக்காவும் போனை வாங்கிச் சிரித்தாள். ஒரு குடும்பத்துக்கு வேறென்ன வேண்டும்?

நேற்றுக் காலை படம் எடுக்கும் நாள். கடைசியாக ஒரு ஓட்டம் என்றேன். பாதியில் கையைத் தூக்கி, "போதும் மாப்ள" என்றார். நான் வேகத்தை ஒரு புள்ளி கூட்டினேன். சரிந்து விழுந்தார்.

"வெறும் மயக்கம்தான், பல்ஸ் நார்மல்" என்றாள் வரவேற்பு மேஜைப் பெண், திரையைக் காட்டி. பல் டாக்டரும் திரையைப் பார்த்துவிட்டு, காலை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார். ஆம்புலன்சுக்குப் போன் போட்டவர் பச்சையைப் பார்த்து வைத்துவிட்டார். படத்துக்காகச் சின்ன அளவில் எடுத்த புதுச் சட்டையோடு அக்கா உள்ளே நுழைந்தாள். அவளும் முதலில் பார்த்தது திரையைத்தான். "அப்பாடா, பச்சைதானே" என்று சிரித்துவிட்டாள்.

எனக்கு மட்டும் தெரியும். வாயைத் திறந்தால் அத்தனை பேர் முன்னால், அக்காவின் முன்னால், எல்லாவற்றையும் விளக்க வேண்டும். எழுந்துவிடுவார் என்று காத்திருந்தேன். உதடு நீலமான பிறகுதான் மண்டியிட்டேன்.

இப்போது உங்கள் கேள்வி. இருங்கள், மேல் பொத்தானைக் கழற்றிக்கொள்கிறேன். இதோ, அத்தானுடைய வில்லை. பச்சை தொடங்கிய நாளிலிருந்து என் நெஞ்சில்தான் இருக்கிறது. அவருக்கு மாட்டியது செத்த வில்லை. அந்தத் திரையில், அவர் கட்டத்தில், இவ்வளவு நாளும் ஓடியது நான். எல்லோரும் கைதட்டியதும், அமுக்கி அமுக்கி எனக்கு ஏறிய துடிப்புக்குத்தான்.

ஆனால் அதற்கு முன்னால், அவர் தரையில் கிடக்க நான் பக்கத்தில் சும்மா நின்றேனே, அந்த நிமிடங்களின் எண்ணும் பதிவாகியிருக்கும். எடுத்துப் பாருங்கள். கொஞ்சம்கூட ஏறவில்லை, பச்சையிலேயே நிற்கிறது. கொலை செய்தவன் நெஞ்சு அவ்வளவு நிதானமாகவா துடிக்கும், மேடம்?