கிழக்குக் கம்பம்

நூறாவது பருவம் கண்ட நார்த் ஷாஃப்ட் ட்ராமர்ஸ் அமெரிக்கக் கால்பந்து அணியின் இந்தப் பெருவிழாவுக்குத் தலைமை ஏற்று, ஆளுக்குப் பத்து நிமிடம் என்று சட்டம் போட்டு, ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் மணியுமாக எனக்குப் பக்கத்திலேயே அமர்ந்திருக்கும் சங்கத் தலைவி, மதிப்பிற்குரிய பெவர்லி ஸ்டானவே அம்மையார் அவர்களே! சுரங்கம் மூடிய பிறகும் சுருங்காத நெஞ்சம் படைத்த பெரியோர்களே! சனிக்கிழமைதோறும் சேற்றுச் சட்டைகளைத் துவைத்து, செவ்வாய்க்கிழமை வரை அதே சேற்றை வீட்டுத் தரையிலும் துடைத்து, இறைச்சியும் கிழங்கும் பொதிந்த பேஸ்டி சுட்டு விற்று இந்த அணிக்குத் தலைக்கவசம் வாங்கிக் கொடுத்த தாய்மார்களே! மோதியவர்களே, முட்டியவர்களே, முழங்கால் தேய்ந்த முன்னாள் வீரர்களே! பெல்மோரிலிருந்து வந்து, நம் வீட்டு மீனை மென்றுகொண்டே நம்மைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் எதிரணி நண்பர்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் இந்த வெல்டிங் பட்டறைக்காரன் கிளாரன்ஸ் பென்ஹேலின் வணக்கம்.

என்ன அங்கே சத்தம்? "கிளாரன்ஸ் அண்ணே, பழைய கோல் கம்பத்துல ஆளுக்கு ஒரு துண்டுன்னு சொன்னீங்க, எங்க மேசைக்கு வரவே இல்லையே!" என்கிறார் தம்பி. அந்தப் பக்கமும் ஒருவர் கை தூக்குகிறார். தெரியும். ஐந்து பேருக்குக் கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை என்று சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

இன்றைய வழக்கு என்ன? வசந்தம் வந்ததும் நம் மைதானத்தில் புதிய கம்பங்கள் நிற்கப்போகின்றன. அந்தக் கம்பத்தில் ஒரே ஒரு பெயரைப் பொறிக்கப்போகிறோம். இந்த அணியின் நூறாண்டு வரலாற்றில் தலைசிறந்த உதைகாரர் யார்? சற்று நேரத்தில் நீங்கள் கை தூக்கி முடிவு செய்யப்போகிறீர்கள்.

உதைகாரர் என்றால் யார் ஐயா? பதினோரு பேர் அறுபது நிமிடம் பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இடித்து, இடிபட்டு, பல் பறிகொடுத்துப் புரளுவார்கள். அப்போதெல்லாம் பெஞ்சில் போர்வை போர்த்திக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான். கடைசியில் எழுந்து வருவான். சட்டையில் ஒரு கறை இருக்காது. ஒரே உதை. இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் மூன்று புள்ளி, ஊரே அவனைத் தோளில் தூக்கும். போகாவிட்டால்? போகாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த ஊரில் ஒரு மனிதர் நாற்பது ஆண்டு அனுபவித்திருக்கிறார்.

எனக்கு முன் பேசிய நண்பர், கறுப்பு வெள்ளைப் படத்தில் சுரங்கப் பூட்சோடு நிற்கும் மறைந்த வில்லியம் ட்ரெஸ்காட்டுக்காக வாதாடினார். பூட்சின் எடை இரண்டு கிலோ என்றார். பாராட்டுகிறேன். ஆனால் எடை போட வேண்டியது பூட்சையா, ஆளையா? அவரை அடுத்து வந்தவர் ஆல்டோ ரோவெல்லிக்காக வாதாடினார். பதினோரு பருவம், நூற்றுப் பன்னிரண்டு கோல்! யாரால் மறுக்க முடியும்? ஆல்டோ என் தங்கையின் கணவர். அதோ, முன் வரிசையில், படம் எடுப்பதற்கென்றே தலையைச் சீவிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். அவரை வழிமொழியத்தான் என்னை இந்த மேடைக்கு அழைத்தார்கள்.

நான் வழிமொழியப் போவதில்லை.

"என்ன மச்சான் இப்படிக் கவுத்துட்டீங்க!" என்கிறார் ஆல்டோ. சிரிக்காதீர்கள், வீட்டுக்குப் போய்த் தங்கையிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போவது நான்தான். ஆனாலும் சொல்கிறேன். இந்த அணியின் தலைசிறந்த உதைகாரர், கதவோரத்தில், கோட்டைக்கூடக் கழற்றாமல், எந்த நேரமும் எழுந்து போகத் தயாராக உட்கார்ந்திருக்கும் அர்மஸ் சாரெலா!

கூச்சல் போடுங்கள், போடுங்கள். "யாரு, கம்பமா?" என்று ஒரு குரல் கேட்டது. ஆமாம், கம்பம்தான். அந்தப் பட்டப்பெயரை வைத்தது இந்த ஊர். அவருடைய கல்யாண கேக்கின் மேல் குச்சியால் ஒரு கோல் கம்பம் செய்து நட்டது இந்த ஊர். கடையில் ஆணி வாங்கப் போனால், "கம்பம் வருதுடோய், நவுருங்க, முட்டிக்கப் போவுது!" என்று கேலி பேசியது இந்த ஊர். அந்தக் கேலியில் நானும் சிரித்திருக்கிறேன், மறைக்க மாட்டேன்.

கதை எல்லோருக்கும் தெரியும். இளையவர்களுக்காக ஒரு முறை சொல்கிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு. பெல்மோருக்கும் நமக்கும் இறுதி ஆட்டம். அவர்கள் பதினான்கு, நாம் பன்னிரண்டு. நான்கு வினாடி பாக்கி. கிழக்குக் கோல், முப்பத்தோரு கெஜம். அர்மஸ் வந்தார், உதைத்தார். பந்து எழுந்தது, ஏறியது, இடது கம்பத்தின் நடுமண்டையில் அடித்தது, திரும்பி வந்து விழுந்தது. அந்த 'டங்' என்ற சத்தம் இன்னும் எத்தனை பேர் காதில் இருக்கிறது? கை தூக்குங்கள். பார்த்தீர்களா!

அன்று அவரை எல்லோரும் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள். "காத்து அடிச்சுதா? கால் வழுக்குச்சா? என்னடா பண்ணித் தொலைச்ச?" அவர் ஒரே பதில்தான் சொன்னார்: "நேராத்தான் உதைச்சேன்." அதற்கும் சிரித்தோம். அதன் பிறகு அவர் அணிக்கு வரவில்லை. பனி தள்ளும் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். கம்பம் கம்பம் என்று கத்தியவர்களின் வாசல் பனியையும் முப்பத்தைந்து குளிர்காலம் ஒரு வாசல் விடாமல் தள்ளினார்.

இப்போது கிழக்குக் கோலுக்கு வருகிறேன். கிழக்குக் கோல் என்றால் என்ன? ஏரிக் காற்று! அப்படித்தானே நம்பினோம்? "சுப்பீரியர் ஏரியிலேர்ந்து ஒரு காத்து வரும் பாரு, கண்ணுக்குத் தெரியாது, பந்தை மட்டும் தள்ளும்" என்று தொட்டில் குழந்தைக்கும் சொன்னோமே! அந்தக் காற்றை அடக்க என்ன என்ன செய்தோம்! மூன்று சனிக்கிழமை மொத்த ஊரும் கூடி, இருநூறு அடிக்குப் பலகை வேலி அடித்தோமா இல்லையா? அது போதாதென்று அறுபது ஸ்ப்ரூஸ் மரம் நட்டோமா இல்லையா? மரம் வளர்ந்தது, வேலி உயர்ந்தது, பந்து மட்டும் உள்ளே போகவில்லை. "அப்பவும் காத்து சுத்திக்கிட்டு வருதுய்யா" என்றார் அன்றைய பயிற்சியாளர். நாமும் தலையாட்டினோம்.

அன்பர்களே, காற்று வரவில்லை. அந்தக் காற்று நான்தான்.

அமைதி, அமைதி. சொல்கிறேன். எண்பதாம் ஆண்டுப் புயலில் கிழக்குக் கோல் சாய்ந்தது நினைவிருக்கிறதா? புதியதைச் செய்யும் பொறுப்பு என் பட்டறைக்கு வந்தது. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. கர்வம் காதுவரை இருந்தது. மேற்கில் நிற்கும் பழைய கோலைப் போய் அளந்திருக்கலாம். நூற்று இருபது கெஜம் நடந்தால் போதும். நடந்தேனா? இல்லை. நம் ஊருக்குச் சாதாரணக் கோலா என்று நினைத்தேன். பெரிய தொழில்முறை அணியின் மைதானத்தில் வேலை பார்த்த என் சித்தப்பா மகனுக்குப் போன் போட்டேன். "உங்க கோல் என்ன அளவோ அதை அப்படியே சொல்லுடா" என்றேன். சொன்னான். மயிரிழை பிசகாமல் செய்தேன். என் பெயர் பொறித்த பித்தளைத் தகட்டையும் அடியில் பதித்தேன். என் கையால் செய்ததிலேயே சிறந்த வேலை என்று நாற்பத்து நான்கு ஆண்டு பெருமை பேசினேன்.

போன வார வெள்ளிக்கிழமை இரண்டு கோலையும் இறக்கினார்கள். இடது கம்பத்தையும் வலது கம்பத்தையும் இணைக்கும் குறுக்குக் குழாய்கள் இரண்டும் என் பட்டறைக்கு வந்தன. நாற்பத்தாறு பழைய வீரர்களுக்கு ஆளுக்கு ஓர் அடி என்று கணக்குப் போட்டு அறுத்தேன். மேற்குக் குழாயில் இருபத்து மூன்று துண்டு வந்தது. கிழக்குக் குழாயை அறுத்தேன். பதினெட்டு, அப்புறம் ஒரு சின்ன மிச்சம். ஐந்து குறைகிறது. எங்கேயோ துண்டு உருண்டு போயிருக்கும் என்று மேசைக்கு அடியில் தேடினேன் ஐயா! கிழவன் நான், முட்டி போட்டுத் தேடினேன். பிறகு எல்லாவற்றையும் தரையில் வரிசையாக அடுக்கி அளந்தேன். அப்போதுதான் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன்.

நம் லீக் விதிப்படி கோலின் அகலம் இருபத்து மூன்று அடி நான்கு அங்குலம். தொழில்முறைக் கோலின் அகலம் பதினெட்டு அடி ஆறு அங்குலம். இரண்டும் வேறு என்பது எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. எந்த நடுவரும் அளக்கவில்லை, எந்தப் பயிற்சியாளரும் அளக்கவில்லை. நாம்தான் காற்றைத் திட்டிக்கொண்டிருந்தோமே! ஒவ்வொரு பக்கமும் இரண்டு அடி ஐந்து அங்குலம் உள்ளே தள்ளி, இருக்கக் கூடாத இடத்தில் நின்றது அந்தக் கம்பம். எண்பத்து நான்கில் பந்து அடித்தது அந்தக் கம்பத்தில்தான். கம்பம் அதன் இடத்தில் நின்றிருந்தால் பந்து எதிலும் பட்டிருக்காது. இரண்டு அடிக்கு மேல் இடம் விட்டு உள்ளே போயிருக்கும். கோப்பை நம்முடையது!

பெல்மோர் நண்பர்களே, உட்காருங்கள். கோப்பையைத் திருப்பிக் கேட்கவில்லை. துடைத்து வையுங்கள், போதும்.

மணி அடிக்காதீர்கள் அம்மையாரே, இன்னும் இரண்டே நிமிடம். இந்த எட்டு நாளும் சங்கத்தின் பழைய ஏடுகளைப் புரட்டினேன். ஆல்டோவின் நூற்றுப் பன்னிரண்டில் கிழக்கே போட்டது எத்தனை? ஆறு! மற்றதெல்லாம் மேற்கு. அர்மஸ் நான்கு பருவத்தில் போட்டது முப்பத்தொன்று. அதில் பத்தொன்பது கிழக்கே! தொழில்முறை வீரன் சம்பளம் வாங்கிக்கொண்டு குறிபார்க்கும் அந்தக் குறுகிய சந்தில், பகலெல்லாம் மரம் அறுத்துவிட்டு வந்த ஒருவர், குறுகல் என்று தெரியாமலே, பத்தொன்பது முறை பந்தை நுழைத்தார்! எந்தப் பக்கம் என்று கேட்டாரா? காற்று என்று சொன்னாரா? எந்தக் கோலைக் காட்டினார்களோ அந்தக் கோலில் உதைத்தார். அவர் அல்லவா உதைகாரர்! அவர் நம் ஊர்க்காரர் என்பதல்லவா நமக்குப் பெருமை!

ஆல்டோ எழுந்து நிற்கிறார். என்ன மாப்பிள்ளை? "மச்சான், நெசத்தைச் சொல்லிடறேன். கிழக்கால உதைக்கச் சொன்னாலே எனக்குப் பயம். 'கோல் வேணாம்டா, பந்தைத் தூக்கிட்டு ஓடியே புள்ளி எடுங்கடா'ன்னு கேப்டன் கால்ல விழுவேன். என் கையத்தான் மொதல்ல தூக்கறேன், பாத்துக்குங்க." பார்த்தீர்களா! நூற்றுப் பன்னிரண்டு கோல் போட்ட மனிதர், தன் பெயர் ஏற வேண்டிய இடத்துக்கு இன்னொருவர் பெயருக்காகக் கை தூக்குகிறார். என் தங்கை கெட்டிக்காரி, நல்ல ஆளைத்தான் பிடித்திருக்கிறாள்.

அர்மஸ், உன்னிடம் நேரில் வந்து சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறை உன் வாசல்வரை வந்தேன், தைரியம் வரவில்லை. ஊர் முன்னால் சிரித்தேன், அதனால் ஊர் முன்னால் கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

எழுந்துவிட்டார். வெளியே போகிறாரா? இல்லை, நிற்கிறார். "கிளாரன்சு, இந்த எட்டு நாளா நீ தூங்குனியா?" என்கிறார். இல்லை அர்மஸ். "நான் நாப்பது வருசமும் நல்லாத்தான்டா தூங்குனேன். உதைச்ச காலுக்குத் தெரியாதா? தூங்காதவங்க இங்க இருக்காங்க. அவங்ககிட்ட சொல்லு."

அவர் கை காட்டுகிற இடத்தில், சக்கர நாற்காலியில், அவருடைய தாயார் லெம்பி சாரெலா. தொண்ணூற்றொரு வயது. எண்பத்து நான்கில் அன்று மைதானத்திலிருந்து எழுந்து போனவர், அதற்குப் பிறகு ஓர் ஆட்டம் பார்க்க வரவில்லை. அம்மா, உங்கள் மகன் உதைத்தது சரிதான். கோல்தான் தப்பு. அதைச் செய்தவன் நான்.

என்ன சொல்கிறார்? ஒலிபெருக்கியைக் கொண்டுபோய்க் கொடுங்கள். "கேக்குதுடா, எனக்குக் காது நல்லாத்தான் இருக்கு. எம்புள்ளையக் கேலி பண்ணும்போது ஊருக்கே கேக்கற மாதிரி கத்துனீங்கல்ல? இப்ப மட்டும் என்ன முணுமுணுப்பு? கத்திச் சொல்லு!"

சொல்கிறேன் தாயே! தொண்டை கிழியச் சொல்கிறேன்! எல்லோரும் எழுந்து நில்லுங்கள், பெல்மோர்க்காரர்களும் எழுந்து நில்லுங்கள்! எண்பத்து நான்காம் ஆண்டு, நான்கு வினாடி பாக்கி, முப்பத்தோரு கெஜம், அர்மஸ் சாரெலா உதைத்த பந்து உள்ளே போனது! உள்ளே போனது! உள்ளே போனது!

எண்ண வேண்டாம் தலைவி அவர்களே, தூக்காத கை ஒன்றுகூட இல்லை. புதிய கம்பத்தில் அந்தப் பெயரை என் பட்டறையிலேயே, கூலி வாங்காமல், நானே பொறித்துத் தருகிறேன். கம்பத்தின் அளவை மட்டும் வேறு யாராவது பாருங்கள். பத்து நிமிடத்தைப் பதினாறாக்கியும் பொறுத்த தலைமைக்கும், கத்தச் சொன்ன தாய்க்கும், கை தூக்கிய உங்களுக்கும் நன்றி. எல்லோருக்கும் என் வணக்கம்.